இடது காலுக்காக நின்ற பாட்டு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அவருடைய முழங்கால் வலி மட்டும் யார் சொன்னாலும் கேட்பதில்லை. உனக்கு இருமல் நின்றதா? எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் உனக்குப் போன் செய்து, "அம்மாவைக் கொஞ்சம் சமாதானப்படுத்தும்மா" என்றாராம். நீயும் விட்டுவிடச் சொல்கிறாய். மாட்டேன், ஏன் என்று கேள்.

பக்கவாத வார்டில் மூன்று வருடம் நான் பாட, அந்தத் தாளத்துக்கு அடி வைக்கும்படி பிசியோதெரபி தம்பி கைத்தாங்கலாகப் பிடிக்க, நாற்பது பேரை நடக்க வைத்தோம். யார் எத்தனை அடி வைத்தார், எந்த வேகத்தில் பாடினேன் என்று நாங்கள் எழுதிவைத்த நோட்டுகளை வாங்கிப் போய் டாக்டர் ஆராய்ச்சிக் கட்டுரை போட்டார். எங்கள் பெயர் எங்கும் இல்லை. கேட்டதற்கு, "பாடுறதெல்லாம் ஆராய்ச்சியாம்மா?" என்று சிரித்தார். அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. போனில் பதிந்து வைத்திருந்த என் பாட்டு ஒன்றையே எல்லா நோயாளிகளுக்கும் போட்டார்கள். அது ஒரு தையல்காரருக்காகப் பாடியது. அவருக்கு இடது கால் இழுக்கும். அந்தக் கால் வந்து சேரும்வரை ஒவ்வொரு வரியின் நடுவிலும் நிறுத்தியிருப்பேன். "இது அவருக்கு மட்டும் பாடினதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாமாக்கா?" என்றான் தம்பி. "கேட்டா சொல்லுவோம்" என்றேன். யாரும் கேட்கவில்லை. போன புதன்கிழமை வெளியிலிருந்து நிபுணர் குழு வந்தது. கூடத்தில் அந்தப் பாட்டைப் போட்டு ஆறு பேரை நடக்கவிட்டார்கள்; நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாட்டு நின்ற இடத்திலெல்லாம் ஆறு பேரும் இடது காலுக்காகக் காத்து நின்றார்கள், ஒரு மாதப் பழக்கம்! நான் எழுந்து, "ஐயா, ஆறு பேருக்குமே இடது கால்தான் வரலையா?" என்றேன். குழுத் தலைவி கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார். நான்கு பேருக்கு வலது கால். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் வரிசையில் கடைசியாக நின்ற பள்ளிக்கூட டீச்சர் என்னைப் பார்த்து, "நான் தப்பா நடந்துட்டேனாம்மா?" என்று கேட்டார். ஒரு மாதம் வாயை மூடியிருந்தவள் நான்தானே. மறுநாளிலிருந்து தம்பியும் நானும் ஆறு பேரையும் தனித்தனியாக நடத்துகிறோம். டீச்சர் நேற்றுப் பன்னிரண்டு அடி நிற்காமல் வைத்தார். அந்த ஆறு பேரோடு என் கணக்கு வேறு, டாக்டரோடு என் கணக்கு வேறு. டாக்டர் நம் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். "வாயால வேண்டாம் டாக்டர், எங்க பேரை விட்ட அதே பத்திரிகைல போடுங்க" என்று அனுப்பிவிட்டேன். தினமும் காலையில் அவர் அறை வாசலில் நின்று, காத்திருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "வந்துடுச்சா டாக்டர்?" என்று கேட்கிறேன். நாளைக்கும் கேட்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நிறைவாக இரு. அவர் மறுபடி போன் செய்தால் எடுக்காதே. இந்தப் பகை எனக்கு மட்டும் போதும்.

ஆசிகளுடன்,
அம்மா