மழைக்கு ரேட்டு குறைத்தவன்

அன்பு மாப்ளே,

நீ போன இடத்தில் கரண்ட் அடிக்கடி போகிறதா? "சேவ் பண்ணியா, சேவ் பண்ணியா" என்று அங்கேயும் யாரையாவது விரட்டிக்கொண்டுதான் இருப்பாய்.

உன் மகள் செல்வியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கிங்ஸ் சர்க்கிளில் நீ பார்த்து வைத்த அதே மண்டபம். நீ போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, தள்ளிப்போடலாம் என்றார்கள். "அவுக குறிச்ச தேதி, மாத்தக் கூடாது" என்று உன் வீட்டுக்காரி, என் தங்கச்சிதான் பிடிவாதமாக நின்றாள்.

ஆனால் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்புவரை நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? மகளுக்குச் சொல்லாமல் நீ வரைந்து ஓடவிட்ட பொம்மைப்படம், அதுதான், நம்ம தாராவி தொண்ணூறடி ரோட்டில் கொட்டுகிற மழையில் சின்னச் செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு நீ நடக்கிற படம், உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது. மண்டபத்துத் திரையில் ஓட வேண்டுமானால் அதை வீடியோவாக வெளியே எடுக்க வேண்டும். அதற்குள் நீ கிளம்பிவிட்டாய்.

"அண்ணே, தெனமும் அவுக பக்கத்துல உக்காந்து டீ குடிச்சது நீங்கதான? நீங்களே எடுங்க" என்றாள் தங்கச்சி. டீ குடிக்கப் போனவன் தலையில் டீக்கடையையே கட்டிவிட்டாள்!

நாலாங்கிளாஸ் படித்தவன் நான். ஆனாலும் எக்ஸ்போர்ட் என்ற எழுத்து தோல் பை தைக்கிறவனுக்குத் தெரியாதா? எங்கள் அட்டைப்பெட்டி முழுக்க அதுதானே. அமுக்கினேன். ஒரு கட்டம் திறந்தது. அதில் எனக்கு அடையாளம் தெரிந்த ஒரே வார்த்தை, ரேட்டு. பக்கத்தில் பெரிய எண். ரேட்டு என்றால் குறைக்கத்தானே வேண்டும்? தாதர் மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழகிய கை. அடிமட்டத்துக்குக் குறைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. "இதுக்கா அவரு மணிக்கணக்கா உக்காந்திருந்தாரு?" என்று பெருமை வேறு.

போட்டுப் பார்த்தோம். மழை இல்லை. திரை முழுக்கச் சதுரம் சதுரமாகக் கலங்கிய சேறு. தங்கச்சி திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"அண்ணே, அவுக முகம் எங்க?"

மாப்ளே, உன்னைத் தூக்கிப் போன அன்றுகூட என் வாயில் ஒரு கேலி வந்து நின்றது. அவள் இப்படிக் கேட்டபோது ஒன்றும் வரவில்லை.

பிறகுதான் உன் புலம்பல் ஞாபகம் வந்தது. "மச்சான், சும்மா நிக்குத சுவர எவ்வளவு அமுக்குனாலும் தாங்கும். மழையில ஒவ்வொரு துளியும் ஓடுது. அதுக்கு நொடிக்கு இவ்வளவு இடம்னு குடுக்கணும், அந்த ரேட்டைக் கூட்டணும்" என்பாயே. நான் என்ன சொன்னேன்? "தாராவியில மழைக்கு இடம் கேக்குத மொத ஆளு நீதாம்வே!"

என் ஆயுசில் முதல் தடவையாக நானே ரேட்டை ஏற்றினேன். பழைய எண்ணுக்கும் மேலே. சமைத்துச் சாப்பிட்டு முடிகிறவரை எக்ஸ்போர்ட் ஓடியது. வாட்ஸப்பில் போகாத கனம். தொடக்கத்தில் உன் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டு நானே மண்டபத்துக்குக் கொண்டுபோனேன்.

பெரிய திரையில் துளித் துளியாய் மழை. உன் மீசையில் சொட்டுகிற தண்ணீர்வரை தெரிந்தது. செல்வி மாலையும் கழுத்துமாக எழுந்து நின்றுவிட்டாள். அப்போதுதான் பார்த்தேன். ரோட்டோரமாக, குழந்தைக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான் ஒரு தொப்பைக்காரன். என் கட்டம் போட்ட சட்டை! மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சதிகாரா, பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை டீ குடித்தேனே, ஒரு வார்த்தை சொன்னாயா? அந்தச் சேற்றில் நானும் அல்லவா முங்கிக் கிடந்திருக்கிறேன்?

ஊரிலிருந்து எல்லாரும் படத்தைச் சின்னதாக்கி அனுப்பு என்கிறார்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். உன் மழையில் ஒரு துளி குறைய விடமாட்டேன்.

இப்படிக்கு,
அந்தக் குடைக்குள் அடங்காத
உன் மச்சான்