மணியனுக்கு மாத்திரை வாங்கப் போகிறேன்

ஏனுங்க,

லாரியை விட்டு வந்ததும் இதைப் படியுங்கள். உங்கள் தம்பி மணியனுக்கு மாத்திரை தீர்ந்து நாலு நாளாகிறது. பக்கத்து வேலூர் மருந்துக்கடையில் இல்லை, நாமக்கல்லிலும் கிடைக்கவில்லை. சேலம் டாக்டரிடமே வாங்கி வர ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறேன். நீங்கள் ஒன்பதுக்குள் வந்துவிடுவீர்கள் என்ற தைரியம்தான்.

கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாக நேற்றிலிருந்து சொல்கிறான். அவனை அந்தப் பக்கம் தனியாக விடாதீர்கள்.

மத்தியானம் உங்கள் பெரியப்பா வருவார். "கோயல்ல சங்கிலி போட்டு உட்டா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்பார். போன தடவை நீங்களும் தலையாட்டினீர்கள். அவன் காலில் விழுந்த புண் ஆற மூன்று மாதமானது. என் கோபம் இன்னும் ஆறவில்லை. இந்த முறை அனுப்பாதீர்கள்.

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. நீங்கள் முதலில் ஒரு வாய் சாப்பிட்டால்தான் அவன் தொடுவான்.

வசந்தாமணி

அவனை அறையில் வைத்து வெளியே பூட்டியதற்குத் திட்டாதீர்கள், சாவியை இதோடு வைத்திருக்கிறேன். அவனே பூட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். "பூட்டீட்டுப் போங்க அண்ணி, என்னையக் கண்டா எனக்கே பயமா இருக்குதுங்க" என்றான்.