தாமதமாக விழுந்த கைத்தட்டு

அக்கா,

இன்று காலை அலுவலக மீட்டிங் தொடங்கும் நேரம் பார்த்து என் ஹெட்போன் உயிரை விட்டது. பீரோவின் அடித்தட்டைத் துழாவி, வயர் இல்லாத அந்தப் பழைய கறுப்பு ஹெட்போனை எடுத்து மாட்டினேன். காதுப் பஞ்சு உரிந்து கன்னத்தில் ஒட்டியது. அதற்குள்ளிருந்து உங்கள் தலையெண்ணெய் வாசனை வந்தது. தேங்காய் எண்ணெயில் வேப்பிலை போட்டு நீங்களே காய்ச்சுவீர்களே, "இந்த நாத்தத்துக்குப் பேன் மட்டுமில்ல, பேயும் வராது" என்பீர்களே, அதே எண்ணெய்.

மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டே போனார்கள். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்கள் சாமான்களைப் பார்த்தால் அழுவதில்லை என்ற அளவுக்குத் தேறிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமை கூட இருந்தது. வாசனைக்கு நான் தயாராக இல்லை.

ஹைதராபாத் போலாரத்தில் உங்கள் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த நாளில் "வீட்டுக்காரம்மா" என்று கூப்பிட்டேன். "நக்கோ கண்ணு. அக்கான்னு கூப்புடு. நக்கோன்னா வேணாம்னு அர்த்தம், இந்த ஊர்ல அது ஒண்ணு தெரிஞ்சா பொழைச்சுக்கலாம்" என்றீர்கள். ரயில்வே பட்டறை வேலைக்காக உங்கள் தாத்தா அரக்கோணத்திலிருந்து இங்கே வந்தாராம். உங்கள் தமிழில் பாதி அரக்கோணம், பாதி ஹைதராபாத். கோவில்பட்டியிலிருந்து நேராக வந்து இறங்கிய எனக்கு முதல் ஒரு மாதம் நீங்கள் பேசுவது பாதிதான் புரிந்தது. மீதிக்குச் சிரித்து வைத்தேன்.

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊதி நான் பார்த்ததில்லை. கைதான். காலையில் அத்தனை பிள்ளைகளையும் உங்கள் கைத்தட்டிலேயே வரிசையில் நடக்க வைப்பீர்கள். மாடியில் பல் தேய்க்கும் எனக்கு அது கேட்கும். கொஞ்ச நாளில் என் பிரஷ்ஷும் அந்தத் தாளத்துக்கே போகத் தொடங்கியது. "மம்மி கிளாப் பண்ணா தெருநாய் கூட லைன்ல நிக்கும்" என்பான் உங்கள் மகன் ஜோயல்.

அப்படிப்பட்ட நீங்கள் வீட்டில் மட்டும் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை திருமுல்கேரிக்கு மீன் வாங்கப் போக நான் கேட்டருகே நிற்பேன். உள்ளேயிருந்து "வந்துட்டேன் இரு" என்று குரல் வரும். நீங்கள் வரமாட்டீர்கள். மறுபடி "வந்துட்டேன்" வரும். செருப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இந்த ஊரே அப்படித்தான், வீட்டில் தலை துவட்டிக்கொண்டே ஃபோனில் பாதி வழி வந்துவிட்டதாகச் சொல்லும். ஆனால் நான் பிறகு கட்டிய அந்தப் பாட்டு ஊரைப் பார்த்து வரவில்லை. கேட்டருகே கூடையோடு நின்ற கடுப்பில், உங்கள் வாயிலிருந்து வந்தது.

வேலை முடிந்த மாலைகளில் லேப்டாப்பில் நான் மெட்டுக் கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். காதலி காத்திருக்க, வீட்டில் தலைவாரிக்கொண்டே ஃபோனில் வந்துட்டேன் வந்துட்டேன் என்று புளுகும் ஒருவனின் பாட்டு அது. சர்ச்சில் பாடும் ஜோயலையே பாட வைத்தேன். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் தமிழ் அங்கங்கே சறுக்கியது பாட்டுக்கு அழகாகத்தான் இருந்தது. மூன்று முறை "வந்துட்டேன்", பிறகு ஒரே ஒரு கைத்தட்டு. அந்த ஒரு தட்டுதான் அமையவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த தட்டுகள் எல்லாம் தகரத்தில் அடித்தது மாதிரி இருந்தன. ஊருக்கே தட்டுகிற ஆளைக் கீழ்வீட்டில் வைத்துக்கொண்டு நான் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

நான் கேட்டதும், நீங்கள் சர்ச்சிலிருந்து வந்த சேலையோடு மாடிப்படியில் நின்றீர்கள். அங்கேதான் எதிரொலி நன்றாக இருக்கும். தலைக்கு மேலே பயிற்சி விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் போகும்வரை காத்திருந்து, எண்ணெய்த் தலையில் இந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினீர்கள். தட்டு ஒரு இழை பின்னால் விழுந்தது. மறுபடி தட்டினீர்கள். மறுபடியும் பின்னால்.

"இன்னாடி, நான் கரெக்டாத்தானே தட்டுறேன்?"

"நீங்க சரியாத்தான்க்கா தட்டுறீங்க. இந்த ஹெட்போன்ல சத்தம் லேட்டா வருது. வயர் இல்லாததுக்கு இந்தச் சீக்கு உண்டு."

நீங்கள் ஹெட்போனைக் கழற்றி, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தீர்கள். "திருட்டு முண்டம்" என்றீர்கள். வயர் உள்ளதை மாட்டினோம். அப்போதும் கொஞ்சம் பின்னால்தான். லேப்டாப் பழசு என்றேன். ஜோயல், "மம்மிக்கு வயசாயிடுச்சு" என்றான். உங்கள் செருப்பு அவனைக் குறி பார்த்துப் பறந்தது. மூன்று பேரும் படியில் உட்கார்ந்து சிரித்தோம்.

அன்று மாலை அந்தத் தட்டைத் திரையில் பிடித்து இழுத்து, விழ வேண்டிய இடத்தில் வைத்தேன். பாட்டு விறைத்துப்போய் சல்யூட் அடித்தது. பழைய இடத்துக்கே விட்டேன். உயிர் வந்தது. உங்களிடம் சொன்னபோது நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "நக்கோ. சரி பண்ணு. பி.டி. டீச்சருக்கே டைமிங் இல்லன்னு பசங்க சிரிப்பானுங்க." இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "ஹவ், சரிதான், லேட்டாவே இருக்கட்டும். வர்றேன்னு சொல்லிட்டு வராதவன் பாட்டுதானே. தட்டு மட்டும் இன்னாத்துக்கு டைமுக்கு வரணும்?"

பாட்டை இணையத்தில் போட்ட பிறகு கொஞ்ச நாள் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு எங்கோ ஒரு கல்யாணத்தில், மேடைக்கு வர நேரமாக்கிய மணப்பெண்ணைத் தோழிகள் இந்தப் பாட்டைப் போட்டுக் கேலி செய்த வீடியோ ஒன்று பரவியது. அதோடு பற்றிக்கொண்டது. ஊர்வலங்களில் மர்ஃபா மேளக்காரர்கள் அதை அடித்தார்கள். ஆட்டோக்காரர்கள் ஹாரனில் அடித்தார்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர்கள் ஃபோனில் "வந்துட்டேன்" என்றார்கள். அந்தத் தட்டுதான் எல்லோருக்கும் விளையாட்டு. முந்திக்கொண்டு தட்டியவன் தோற்றவன். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் வராண்டாவில் உங்கள் பின்னாலேயே அப்படித் தட்டிக்கொண்டு வந்தார்களாம். "கிரவுண்டைச் சுத்தி ஓட விட்டேன்டி. ஓடும்போதும் தட்டுறானுங்க" என்று சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்தது கோபமே இல்லை.

ஒரு டிவிக்காரப் பெண் வந்து, அந்தத் தாமதத்தை எப்படி யோசித்தீர்கள் என்று என்னிடம் கேட்டாள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டின் பொருளுக்கு ஏற்ப அமைத்தேன் என்று அளந்துவிட்டேன். சமையலறையிலிருந்து நீங்கள் "பொய்யி, பொய்யி" என்றது அதில் பதிவாகியிருக்கிறது.

ஜோயலின் முதல் மேடை நிகழ்ச்சிக்கு அவன் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட்டுவிடப் போனீர்கள். பொத்தான் உங்கள் விரலுக்கு அகப்படவில்லை. "கை மரத்துப்போச்சு" என்று உதறிக்கொண்டீர்கள். பிறகு டிபன் பாக்ஸ் மூடி திறக்கவில்லை. பிறகு சாவி கையிலிருந்து விழுந்தது. அவன் வெளியூர் போயிருந்த ஒரு நாளில் நான்தான் உங்களை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அவர் எண்ண எண்ண, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட வேண்டும். அவர் ஒன்று என்றார். ஒரு இழை கழித்து உங்கள் விரல்கள் தொட்டுக்கொண்டன. இரண்டு என்றார். அதே இழை. எனக்கு அந்த இடைவெளி தெரியும் அக்கா. அதைத் திரையில் இழுத்தும் விட்டும் பார்த்தவள் நான். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் எத்தனையோ பரிசோதனை. கடைசியில் டாக்டர் நீளமான ஒரு ஆங்கிலப் பெயரைச் சொன்னார். மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேர நேரமாகும், போகப் போகச் சேராமலே போகும் என்று விளக்கினார். முன்பே வந்திருந்தாலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது என்றார். நான் தனியாக மறுபடி போய்க் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

அந்தப் பெயரைக் கேட்ட அன்று ஆட்டோவில் வீடு திரும்பினோம். திருமுல்கேரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"அப்போ அந்த ஹெட்போன் மேல தப்பில்லையாடி?"

மடியில் கிடந்த உங்கள் கையைப் பார்த்தேன்.

"பாவம். அதைப் போய்த் திட்டினோமே."

நீங்கள் சிரித்தீர்கள். நான் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். சரியாக வராத கையைத் தூக்கி என் முழங்காலில் வைத்துச் சொன்னீர்கள்: "இத யாருக்கும் சொல்லாத. தெரிஞ்சா அப்புறம் எவ ஆடுவா? முக்கியமா ஜோயலுக்கு நக்கோ. அவன் வாயில பாட்டே வராது. இந்தக் கை இனிமே எதுக்கும் ஒதவாது, இதுக்காச்சும் ஒதவட்டும்."

சொல்லவில்லை. நோய் ஜோயலுக்குத் தெரியும், அந்தத் தட்டுதான் அதன் தொடக்கம் என்பது தெரியாது என்று நம்பிக்கொண்டு, அவன் பாடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஊர் முழுக்க உங்கள் நோயைத் தட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்கில், லிஃப்டில், மருந்து வாங்கப் போன கடையில் கூட. சில நாள் நடுவழியில் நின்று காதைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாட்டைச் செய்தவளே நான்தான் என்று அந்த மனிதர்களுக்குத் தெரியாது.

உங்களுக்குக் கை போயிற்று, நடை போயிற்று, பிறகு பேச்சும் போயிற்று. மாடிப்படியிலிருந்து "வந்துட்டேன் இருங்க" என்று கத்திக்கொண்டு இறங்குவது என் வேலையாயிற்று. கடைசி வாரத்தில் ஒரு மாலை, தெருமுனை ஃபங்ஷன் ஹாலில் நம் பாட்டைப் போட்டார்கள். ஜன்னலைச் சாத்தப் போனேன். கண்ணாலேயே வேண்டாம் என்றீர்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து உங்கள் கையை என் கையில் வைத்துக்கொண்டேன். ஜோயலின் குரல் மூன்று முறை வந்தது. உங்கள் கை அசையவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தீர்கள். ஹாலில் இருந்தவர்களின் தட்டு அதற்குப் பிறகுதான் கேட்டது. நீங்கள் மூடித் திறந்தது, தட்டு முதலில் விழ வேண்டியிருந்த இடத்தில். ஒரு இழை கூடப் பிசகவில்லை. உங்களுக்குள் தாளம் ஒருநாளும் தவறியதில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

போன வாரம் உங்கள் பள்ளியில் விளையாட்டு விழா. ஜோயலையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வந்திருக்கும் பி.டி. டீச்சர் நம் பாட்டுக்கு டிரில் அமைத்திருந்தார். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மூன்று "வந்துட்டேன்" முடிந்ததும் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அவசரப்பட்டுத் தட்டிவிட்டாள். பக்கத்தில் நின்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ருக்" என்றாள். பொறு என்று. அடுத்த முறை இரண்டு பேரும் பொறுத்தார்கள். மைதானம் முழுவதும் ஒரே தட்டாக, உங்கள் தட்டாக விழுந்தது.

ஜோயல் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிள்ளைகள் கலைந்த பிறகு, தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"மம்மிக்கு அப்பவே ஸ்டார்ட் ஆயிடுச்சு கதா, இல்லியா? அந்த கிளாப்ல."

"உனக்கு எப்ப தெரியும்?"

"செகண்ட் டைம் செக்கப்புக்கு நான்தானே கூட்டிட்டுப் போனேன். ஃபிங்கர் பார்த்தேன். மம்மி பிராமிஸ் வாங்கிட்டாங்க. உங்களுக்குச் சொல்ல நக்கோன்னாங்க. தெரிஞ்சா நீங்க இனிமே மியூசிக்கே போட மாட்டீங்களாம்."

இரண்டு பேரையும் தனித்தனியாகக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள் அக்கா. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை நாள். அந்த மைதானத்தில், சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க இருவரும் அழுதோம். உங்களைத் திட்டவும் செய்தோம், நன்றாகவே. பிறகு அவன் கையை அவிழ்த்து, ஒரே ஒரு முறை, நேரம் கழித்துத் தட்டினான். மேடையில் அந்த இடம் வந்தால் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிவிடுவானே, அது ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை மீட்டிங்கில் என் முறை வந்தது. இந்த ஹெட்போனோடு பேசினேன். சென்னையிலிருந்து ஒருவர் குறுக்கிட்டு, "மேடம், உங்க வாய்ஸ் லேட்டா வருது. ஹெட்போன்ல ஏதோ ப்ராப்ளம்னு நினைக்கிறேன், மாத்திடுங்க" என்றார்.

உரிந்த பஞ்சைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஹெட்போன் மேல தப்பில்லை" என்றேன். கழற்றாமலே பேசி முடித்தேன்.