என் கையால் எழுதியது

ஜூன் 3, செவ்வாய்

இன்று நான்காம் பாடவேளையில் என் இடது கண் இமை தானாக இறங்கிக்கொண்டது. பின்வரிசையில் ஒருத்தன் பக்கத்திலிருந்தவனிடம், "சேர் கண்ணடிக்கிறாருடா" என்றான். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிற தயாபரன் சேருக்கு, அதாவது எனக்கு, நாற்பத்தேழு வயதில் இந்தப் பெயரும் வந்து சேர்ந்துவிட்டது.

வியாதியின் பெயர் மயஸ்தீனியா. நரம்பு சொல்லும், தசை கேட்காது. என் தரம் பத்து வகுப்பு மாதிரி. காலையில் ராஜா போல இருப்பேன். பின்னேரமானால் இமை, தாடை, கை, குரல் எல்லாம் ஒவ்வொன்றாக லீவு போட்டுவிடும். தூங்கி எழுந்தால் மறுபடி வேலைக்கு வந்துவிடும். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு மாத்திரை.

நேற்று பதுளை கிளினிக்கில் டாக்டர் நளீரா ஒரு கொப்பி கொடுத்தார். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று வேளையும் ஒரே வரியை எழுத வேண்டும்: 'என் கையால் எழுதியது.' பக்கத்திலேயே, விழுங்கச் சிரமம் உண்டா இல்லையா என்றும். மூன்று வாரம். அதைப் பார்த்துத்தான், மாத்திரையே போதுமா, வார்டில் வைத்து மருந்து ஏற்றுவதா என்று முடிவு செய்வாராம்.

வீட்டுப்பாடம்! எனக்கே!

ஜூன் 5, வியாழன்

என் துப்பறியும் மூளையை நானே மெச்சிக்கொள்ள வேண்டிய நாள். தமிழ்த் தினப் போட்டிக்குத் தரம் பத்து மதுஷா கட்டுரை கொண்டுவந்தாள், 'எங்கள் லயத்துக்குக் குழாய் வந்த நாள்' என்று. தோட்டத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் வந்த கதை. நல்ல கட்டுரை. அதுதான் முதல் சந்தேகம். முதல் இரண்டு பக்கமும் எழுத்து அச்சுப்போல நிற்கிறது. மூன்றாம் பக்கத்திலிருந்து சாய்ந்து, பெருத்து, கோட்டை விட்டு ஓடுகிறது. இரண்டு கை! அண்ணன்மாரும் அக்காமாரும் எழுதிக்கொடுக்கும் கட்டுரைகளை இருபது வருடமாகப் பிடித்து வருகிறவன் நான்.

"மிச்சத்த எழுதுனது ஒங்கண்ணன் துஷாந்தா?"

"இல்ல சேர், நான்தான். பாதிய பஸ்ல எழுதுனேன்."

"ஓ! பஸ்ல ஏறுனா கையெழுத்தும் மாறிருமோ?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கட்டுரையை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

கொப்பி வெள்ளையாகவே கிடக்கிறது. நாளையிலிருந்து கட்டாயம்.

ஜூன் 13, வெள்ளி

தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது. அதற்கு முன்பு சோறு தொண்டையில் நின்றுவிட்டது, போகவுமில்லை, வரவுமில்லை. ஜெயந்தினி முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள் பாருங்கள்! என் மனைவிக்கு இவ்வளவு பலம் இருப்பது கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இன்றைக்குத்தான் தெரியும்.

"அந்தக் கொப்பில எழுதுங்க. டாக்டருக்குத் தெரியணும்ல?"

"எழுதுறேன், எழுதுறேன்."

எழுதவில்லை. எழுதினால் வார்டில் போடுவார்கள். வார்டில் போட்டால், இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்பார்கள். பாதி வாக்கியத்தில் குரல் மூக்குக்குள் போகிற தமிழ் வாத்தியாரை எவன் வைத்திருப்பான்? பயமாக இருக்கிறது. நல்லவேளை, பயத்தைக் கொப்பியில் எழுதச் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கட்டுரைகள் அனுப்ப இன்றுதான் கடைசி நாள். ஐந்து போயின. மதுஷாவினுடையது லாச்சியில். நீதி தவறாத சேர்!

ஜூன் 22, ஞாயிறு

நாளை கிளினிக். கொப்பியில் ஒரு வரிகூட இல்லை. இதற்கெல்லாம் ஓர் ஆசிரியன் கலங்கலாமா? வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்றால், ஒரு தவணைப் பாடக்குறிப்பையே ஒரே இருப்பில் எழுதி முடித்த கை இது.

காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீலப் பேனை ஒன்று, கறுப்பு ஒன்று, மை தீரப்போகிற நீலம் இன்னொன்று. நாளுக்கு நாள் மாற்றுவதற்கு. அங்கங்கே தேத்தண்ணிக் கறையும் வைத்தேன், ஒரு நம்பிக்கைக்காக. இருபத்தொரு நாள், அறுபத்து மூன்று வரி. 'என் கையால் எழுதியது. விழுங்கச் சிரமம் இல்லை.' முதல் வாக்கியத்தில் பொய் இல்லை, அது ஒரு ஆறுதல். கடைசிப் பக்கங்களில் கை தள்ளாடியது. பரவாயில்லை, நோயாளி என்றால் அப்படித்தானே.

ஜெயந்தினி எட்டிப் பார்த்தாள். "ஒரு புளுகுக்கு மூணு பேனாவாக்கும்?"

ஜூன் 23, திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

டாக்டர் நளீரா பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதலில் முன்னாலிருந்து, பிறகு பின்னாலிருந்து. நான் கட்டுரை திருத்துகிற அதே லட்சணத்தில்.

"சேர், இதெல்லாம் எப்ப எழுதினீங்க?"

"அந்தந்த வேளையிலதான் டாக்டர்."

"முதல் வாரம் எழுத்து நல்லா நிக்கிது. பிறகு கொஞ்சம் கொஞ்சமா சாயுது. சாஞ்சது சாஞ்சதுதான், அடுத்த நாள் காலையிலயும் நிமிரல்ல. இந்த மயஸ்தீனியா வருத்தத்துக்குத் தூங்கி எழும்பினா கை நிமிரணுமே. இருபத்தொரு நாளா நீங்க தூங்கவே இல்லையா?"

மூன்று பேனை மாற்றினேன். கையை மாற்ற முடியவில்லையே, ஐயோ!

"பாடக்குறிப்பு மாதிரி…" என்று முனகினேன்.

"எங்கட உம்மாவும் டீச்சர்தான் சேர்" என்றார்.

அதற்குள் ஜெயந்தினி மூக்கில் வந்த தேத்தண்ணி, தொண்டையில் நின்ற சோறு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார் டாக்டர். போன தடவை முப்பத்திரண்டு. இன்றைக்குப் பதின்மூன்றிலேயே நின்றுவிட்டது. டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது.

"இப்படியே ரெண்டு நாள் போனா, மூச்சு விடவும் மெசின் வேண்டி வரும் சேர். நான் இந்தக் கொப்பிய நம்பியிருந்தா உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

அப்படியே வார்ட்.

ஜூன் 26, வியாழன். வார்ட்

மருந்து ஏறுகிறது, இது மூன்றாம் நாள். கொப்பியை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். வேறு வேலை இல்லை.

காலையில் எழுதிய வரி நிமிர்ந்து நிற்கிறது. பின்னேரம் எழுதியது, மழையில் வழுக்கிக்கொண்டு மலை இறங்குகிற ஆள் மாதிரி. இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் மேசைக்கு இது வந்திருந்தால் நானே பிடித்திருப்பேன்: மிச்சத்தை எழுதியது யார், ஜெயந்தினியா?

'பாதிய பஸ்ல எழுதுனேன் சேர்.'

அட மடையா! அந்த ரோட்டு வளைவுல, மடியில கொப்பிய வச்சு எழுதுனா எழுத்து வேற எப்படி இருக்கும்? அந்தப் புள்ள உண்மையச் சொல்லுச்சு, நீ வகுப்பையே சிரிக்க வச்ச. அதுக்கப்புறம் பொய்க் கொப்பியத் தூக்கிட்டு நீதான டாக்டர்கிட்ட போன? வெக்கமா இருக்கு. சாவப் போற நேரத்துலயும் மேற்பார்வைக்கு ஏமாத்துன ஆளு நீ.

ஜூலை 1, செவ்வாய்

வீடு. ஒரே மூச்சில் இருபத்தெட்டு. படிப்பிக்கலாம், பின்னேர வகுப்பு மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். இதற்காகவா அறுபத்து மூன்று பொய்!

ஜூலை 9, புதன்

பள்ளிக்கூடம் போனேன். முதல் பாடவேளையில், வகுப்புக்கு முன்னால் வைத்துக் கேலி செய்ததை வகுப்புக்கு முன்னால் வைத்தே முடிக்க வேண்டும் என்று, மதுஷாவைக் கூப்பிட்டேன். லாச்சியைத் திறந்து கட்டுரையைக் கையில் கொடுத்தேன்.

"இது ஒன்னோடதுதான். தப்பு என்னோடது. மன்னிச்சிரும்மா."

போட்டி முடிந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழியில்லை. "பரவால்ல சேர்" என்றாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. பரவாயில்லை என்கிற முகம் இல்லை அது.

கிளினிக் கொப்பியை எடுத்து நேற்றைய பக்கத்தைக் காட்டினேன். மூன்று வரியிலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"மூணாவது வரிய யாரு சேர் எழுதுனது? வீட்டம்மாவா?"

"மூணும் நான்தான்."

பின்வரிசையில் எவனோ சிரித்தான். மதுஷா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கொப்பியை மூடித் தந்தாள்.

"நம்புறேன் சேர்" என்றாள்.