தட்டில் என் பக்கம்

என் உயிர் அக்கா,

எனக்குப் பயமாக இருக்கிறது. கழுத்தில் ஒரு கட்டி. ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவை நாளை செவ்வாய்க்கிழமை சொல்வார்களாம். உனக்கும் இப்படித்தானே தொடங்கியது?

மகனுக்குச் சொல்லவில்லை. "யூ ஓகே, அம்மா?" என்று கதவடியில் நின்று கேட்டான். "ஓம், சும்மா தலையிடி" என்றேன். சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன். குளிக்கும்போது கழுத்தைத் தொட்டால் கை அங்கேயே நின்றுவிடுகிறது.

ட்ருகனினாவில் நீ போய்வந்த சிம்பாப்வேக்காரரின் சபைக்கு இப்போது நான் போகிறேன். உன் சிநேகிதி ரூடோ அன்ரி ஞாயிறு தவறாமல் பொயிண்ட் குக்கில் என் வீட்டு வாசலுக்குக் காரில் வந்து ஹோர்ன் அடிப்பார். ஏறாமல் என்ன செய்கிறது?

ஆராதனை முடிந்ததும் அவர்களுடைய ஊர்வழக்கப்படி சோளமாக்களியும் கீரையும் இறைச்சியும் ஒரே பெரிய தட்டில் வரும். எல்லாரும் சுற்றியிருந்து கையால் சாப்பிடுவார்கள். நான் என் சாப்பாட்டுப் பெட்டியோடு தள்ளி ஒரு கதிரையில். எச்சில் என்று வாய்விட்டுச் சொல்வேனா? கேஸ்ட்ரிக் என்று சொல்லிவைத்திருந்தேன். "திருவிருந்தில ஒரே கிண்ணத்தில குடிக்கிறாய், அது எச்சில் இல்லையோ? அதே மேசைதானடி இதுவும்" என்று நீ ஏசினது ஞாபகம் இருக்கிறதா?

நேற்று ஞாயிறு பெட்டியை வீட்டில் மறந்துவிட்டேன். பயத்தில் எதுதான் நினைவில் நிற்கிறது? ரூடோ அன்ரி செம்பால் என் கையில் தண்ணீர் வார்த்து, தட்டடியில் பக்கத்தில் இருத்தினார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

தனித்தட்டில் சாப்பிட்டால் யாருக்குத் தெரியும், அக்கா? இங்கே மற்ற எல்லார் பக்கமும் குழி விழுந்தது. என் பக்கம் மட்டும் வைத்தபடி மேடாகக் கிடந்தது.

"உன்ர பக்கம் ஏன் அப்பிடியே கிடக்குது?" என்று ரூடோ அன்ரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"வயிறு சரியில்லை."

சுற்றியிருந்த கைகளெல்லாம் நின்றன. பாஸ்டரும் கையை எடுத்துவிட்டார். "ஒருத்தரை விட்டுட்டு மற்றவை சாப்பிடக் கூடாது. வேதமும் அதைத்தான் சொல்லுது, எங்கட பாட்டன்மாரும் அதைத்தான் சொன்னவை. நாங்கள் பொறுத்திருக்கிறம்" என்றார். பிள்ளைகள் பசியோடு என் முகத்தையே பார்த்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பெற்ற மகனுக்குச் சொல்லாததை அத்தனை பேருக்கும் முன்னால்.

யாரும் புத்தி சொல்லவில்லை. ரூடோ அன்ரி ஒரு துண்டு இறைச்சியை என் பக்கம் தள்ளினார். "செவ்வாய்க்கிழமை நாங்கள் எல்லாரும் வாறம்" என்றார். யார் வரச் சொன்னது? அவர்கள் இப்படித்தான். உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதுபோல் நிற்பார்கள். அதைப் பார்த்துத்தான் மகன் அறிய வேண்டுமா?

சொன்னால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அந்தத் தட்டடியில் இருந்தபோது உனக்குக் குறைந்ததா? நான் கேட்கவேயில்லையே.

மகன் வேலையால் வரும் நேரமாகிவிட்டது. சோறு ஆக்கிவைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன்: இன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே தட்டில்தான் போடுவேன். என் பக்கத்தை அவன் பார்க்கட்டும். ஏனென்று கேட்டால், வயிறு சரியில்லை என்று சொல்லமாட்டேன்.

நீ சோறு தீத்தித் தீத்தி வளர்த்த
உன் தங்கச்சி