அப்பாவின் சிங்கப் படம்

நவம்பர் 10, திங்கள்

மழை. காற்று. நாலரைக்கே இருட்டு. சைக்கிள் லைட்டைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். இந்த டயரிக் கொப்பி ஒளிக்கிற இடம்: தமிழ்ப் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்துக்குள். அதை இந்த வீட்டில் ஒருவரும் திறப்பதில்லை.

ஹேர்னிங் டவுன் கடையில் இருந்து படம் சட்டம் போட்டு வந்துவிட்டது. இலையுதிர்கால லீவில் கென்யாவில் எடுத்த பெண் சிங்கம். வாயோரம் இரத்தம், நேரே மேலே பார்க்கிறது. கீழே அப்பாவின் பெயர். ஃபோட்டோ கிளப்பில் முதல் பரிசு. வியாழன் பின்னேரம் நூலகத்தில் அப்பா அதைப் பற்றிப் பேச வேண்டும்.

எடுத்தது நான்.

அப்பா போனில், எஸ்பியர்க்கில் இருக்கிற சித்தப்பாவுக்கு: "ரெண்டு மீற்றர்தான்ரா இருக்கும். கை கொஞ்சமும் நடுங்கேல்லை, தெரியுமோ?"



நவம்பர் 11, செவ்வாய்

நடந்ததை இங்கே வைக்கிறேன். இல்லாவிட்டால் நானும் அப்பாவின் கதையை நம்பிவிடுவேன்.

ஜீப்பில் நாங்கள் இரண்டு பேர், சாரதி. (அம்மாவுக்கு லீவு இல்லை. அவ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஆள் குறைவு.) சிங்கம் எங்கள் பக்கக் கதவடிக்கே வந்துவிட்டது. அசைய வேண்டாம் என்றார் சாரதி. அப்பா கமராவை சீற்றில் போட்டுவிட்டுக் கீழே, கால் வைக்கிற இடத்தில், தலையைக் கவிழ்த்துக் குந்திவிட்டார். நான் கமராவைத் தூக்கி முகத்தை மறைத்தேன். முகம் தெரியாவிட்டால் அதற்கு என்னைத் தெரியாது என்று நினைப்பு. மடச்சி. விரல் தானாகப் பட்டனை அமத்தியது. ஒரே ஒரு தரம்.

கண்ணை மூடினால் இப்போதும் அந்த மூச்சுச் சத்தம்.

நவம்பர் 12, புதன்

அம்மாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தா. "கமரா அவரின்ர. கூட்டிக்கொண்டு போனதும் அவர். நீ ஒருக்கா அமத்தினதுக்கு இவ்வளவு கதையோ?"

போதாததுக்கு அப்பாவிடமும் சொல்லிவிட்டா.

அப்பா என் அறை வாசலில்: "என்ர டேனிஷ் ஃபக்டரியில பழகின டேனிஷ். நான் தமிழில சொல்லுவன், நீ பக்கத்தில நிண்டு அவையளுக்குச் சொல்லோணும். விசர்க்கதை ஏதும் கதைச்சியோ, பிறகு தெரியும்."

என் போனைப் பிடுங்கிக்கொண்டு போனார். கதவு அடித்த அடியில் சுவர் அதிர்ந்தது.

பிறகு சோபாவில் இருத்தி மூன்று தரம் ஒத்திகை. பொய்கள் வரிசையாக: மூச்சைப் பிடித்தது. கண்ணுக்குக் கண் பார்த்தது. ஒரு மணித்தியாலம் பொறுமையாகக் காத்திருந்தது.

பள்ளிக்கூடக் கணக்கு செய்யவில்லை.

நவம்பர் 13, வியாழன்

நூலகம். இருபது பேர். கோப்பி, கேக். அப்பா கல்யாணத்துக்குப் போடுகிற கோட், சென்ற் மணம். அவர் சொல்லச் சொல்ல நான் டேனிஷில் சொன்னேன். எல்லாம் என் வாயால். கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது.

முன்வரிசையில் ஒரு கிழவி கை உயர்த்தினா. படம் எடுத்த பிறகு சிங்கம் என்ன செய்தது?

அப்பாவுக்குக் கேள்வி விளங்கியது. ஆனால் அன்றைக்கு ஜீப்பில் அவர் பார்த்தது தரையை மட்டும். சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தார். "பிறகு அது என்னடி செய்தது? கெதியாச் சொல்லு."

தமிழ் தெரிந்த வேறு ஒருவரும் அங்கே இல்லை. நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"எனக்கெப்பிடித் தெரியும் அப்பா? நீங்கள்தானே எடுத்தனீங்கள்."

அவருடைய கழுத்து சிவந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் தன் டேனிஷிலேயே சொன்னார்: போய்விட்டது.

என் போன் இன்னும் அவரிடம். நாளைக்கு என்ன நடக்குமோ தெரியாது.

சிங்கம் போகவில்லை. எங்கள் ஜீப்பின் நிழலில் அரை மணித்தியாலம் படுத்திருந்தது. அவ்வளவு நேரமும் அப்பா என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.