மஞ்சள் நாக்குக்கு எட்டு மதிப்பெண்

ஜனவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீ அனுப்பிய மாதிரிக் கட்டுரை நலமில்லை. "என் அறை சிறியது. குளிராக இருக்கிறது. நான் படிக்கிறேன்." இது ஆங்கிலத் தேர்வுக்கா, வாடகைக்கு விடுகிற விளம்பரத்துக்கா? போன தடவை இப்படி எழுதித்தான் கோட்டை விட்டாய். இந்தத் தடவையும் தவறினால் உன்னை இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொள்ள எனக்கு அனுமதி தரமாட்டார்கள். நான் இங்கே ஊரார் வீட்டு கேஸ் ஹீட்டரை ரிப்பேர் பார்த்தும், நீ அங்கே ஹீட்டர் முன்னால் குளிர் காய்ந்தும் தனித்தனியாகக் கிழடு தட்ட வேண்டியதுதான்.

இனி ஒவ்வொரு கடிதத்திலும் உன் அறையை வர்ணி. ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழிலும் சொல். உவமை வேண்டும். உயிரில்லாத பொருள் ஆள் மாதிரி நடக்க வேண்டும். மிகைப்படுத்தல் கட்டாயம். 'டயர்ட்' என்று எழுதாதே, 'லெதார்ஜிக்' என்று எழுது. சிவப்பு மையில் திருத்தி அனுப்புவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது.

தெருச் சத்தம் படிக்க விடவில்லை என்றாயே. ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழைய பேப்பரைத் திணி. குளிரும் வராது, சாக்கும் வராது.

உன் முசுடு

ஜனவரி 14

என்னங்க,

பேப்பர் திணித்தாகிவிட்டது. இப்போது ஈ பறந்தாலும் கேட்கிறது. வீட்டுக்காரர் என் ஹீட்டரைக் கழற்றிவிட்டு 'புதுசு' என்று எங்கேயோ கிடந்த பழசை மாட்டியிருக்கிறார். அதை வைத்தே எழுதிவிட்டேன். ஆங்கிலம் தனித்தாளில், தமிழ் இதோ:

"என் ஹீட்டர் ஒரு கோபக்கார மாமியார். நாள் முழுக்க மஞ்சள் நாக்கை நீட்டித் திட்டுகிறாள். அவள் மூச்சுப் பட்ட சுவர் கண்மை பூசியதுபோல் கறுத்திருக்கிறது. என் தலை ஆயிரம் மூட்டை சுமக்கிறது. புத்தகத்து எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்து போகின்றன. நான் லெதார்ஜிக்."

லெதார்ஜிக் சரியான இடத்தில் விழுந்ததா? இது அத்தை கண்ணில் பட்டுவிடப் போகிறது, பத்திரம்.

சாப்பிடுவது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. பரீட்சை பயம்தான். கடைக்குப் போனால் தலை தெளிகிறது, அறைக்குள் வந்து புத்தகத்தைத் திறந்தால் மறுபடி ஆரம்பிக்கிறது. படிக்காமல் இருக்க உடம்பே நாடகம் ஆடுகிறது போல.

உங்கள் வாயாடி

ஜனவரி 22

வாயாடி,

பத்துக்கு எட்டு! மஞ்சள் நாக்கு பிரமாதம். கண்மை அதைவிட. ஆயிரம் மூட்டைக்கு ஒரு டிக். எறும்பு எல்லாரும் எழுதுவது, அதற்கு வெட்டு. லெதார்ஜிக் கச்சிதம். நாடகம் என்று நீயே கண்டுபிடித்துவிட்டாய், அதனால் கடை கண்ணி என்று சுற்றாமல் உட்கார்ந்து படி.

உன் முசுடு

ஜனவரி 23

வாயாடி,

காலையில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஹீட்டரில் சுடர் மஞ்சள். மேலே சுவரில் கரி. அந்த வீட்டம்மா தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அணைத்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். படியில் நிற்கும்போதுதான் உன் ஹீட்டர் மாமியார் ஞாபகத்துக்கு வந்தாள்.

நீ வர்ணிக்கவில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறாய்.

சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சள் என்றால் காற்று போதவில்லை, விஷவாயு வருகிறது. வாசனை கிடையாது. தலை கனக்கும், குமட்டும், வெளியே போனால் தெளியும். நான் சோறு தின்கிற தொழில் இது. அதற்கு எட்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஜன்னலை அடைக்கச் சொன்னதும் நான்.

தந்தி கொடுத்துவிட்டேன்: ஹீட்டரை அணை, ஜன்னலைத் திற, வெளியே போ. வீட்டுக்காரர் டெலிபோனில் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. வேலைக்குப் போகாமல் தபாலாபீஸ் பெஞ்சிலேயே இருக்கிறேன். நீ எழுதியது பதினான்காம் தேதி. நடுவில் எத்தனை ராத்திரி அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாயோ.

பரீட்சை எக்கேடும் கெடட்டும். ஒரு வரி போடு. தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 27

என்னங்க,

இருக்கிறேன்.

தந்திக்காரர் கதவைத் தட்டியது என் தலைக்குள் தட்டுகிற மாதிரிதான் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன். கால் எதைப்போல் இருந்தது என்று எழுதமாட்டேன். எழ முடியவில்லை, அவ்வளவுதான். தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். அவர்தான் என்னைப் படியில் உட்காரவைத்து, தந்தியைப் பிரித்துப் படித்து, உள்ளே போய் ஹீட்டரை அணைத்து, பேப்பரையெல்லாம் பிடுங்கிப் போட்டாராம்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு ராத்திரி அந்த அறையில் படுத்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இப்போது பக்கத்து அறைத் தையல்காரம்மாவோடு இருக்கிறேன். ஹீட்டர் பக்கமே போவதில்லை, கம்பளிதான். ஆனாலும் தூங்கப் பயமாக இருக்கிறது. அவரை எழுப்பி, சுடர் தெரிகிறதா பாருங்கள் என்கிறேன். அங்கே எரிய எதுவுமே இல்லை.

உங்கள் சிவப்பு மைக் கடிதம் தந்திக்குப் பிறகுதான் வந்தது. எட்டு மதிப்பெண்ணைப் பார்த்தேன். உட்கார்ந்து படி என்பதையும் பார்த்தேன். ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பரீட்சைக்குப் போகிறேன். அங்கே திருத்த ஆள் இருக்கிறார்கள். நீங்கள் இனி என் கடிதத்தைத் திருத்த வேண்டாம்.

படியுங்கள், போதும்.

உங்கள் வாயாடி